எம்.ஏ. ப்ராஜெக்ட்டை மொழியியலில் செய்யலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட். வகுப்பில் எல்லோரும் நாவல் எடுக்கிறார்கள், எனக்கு மொழியியல் பேப்பர்தான் பிடித்தது. ‘ஆங்கில மொழியின் மீது சமூக ஊடகங்களின் தாக்கம்’ என்று தலைப்பு கொடுத்தேன், கைடு மேடம் “ரொம்பப் பெரிசா இருக்கே, சுருக்கிட்டு வா” என்றார். எப்படிச் சுருக்குவது என்று தெரியவில்லை. எங்கள் துறையில் மொழியியல் படித்தவர்கள் யாரும் இல்லை. தவிர, என் ஆங்கிலமே அவ்வளவு சுத்தம் கிடையாது. மாலையில் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் எழுதுவதைத் திருத்தித் திருத்தி, எங்கே ‘தி’ போடுவது என்று எனக்கே இப்போது குழம்புகிறது. காசு கொடுத்தால் எழுதித் தரும் இடம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஏ.ஐ. இருக்கிறது என்கிறார்கள் தோழிகள். நாவலுக்கே போய்விடலாமா?

பதில்: போக வேண்டாம். மொழியியல் பேப்பர்தான் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், நாலைந்து மாதம் ஒரே விஷயத்தோடு உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. மொழியியலும் ஆங்கிலம் கற்பித்தலும் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கும்போது அதில் ப்ராஜெக்ட் செய்வதைத் துறையில் மறுக்கவும் காரணம் இல்லை.

ஆனால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். அது சுருக்கினால் சரியாகிற தலைப்பு இல்லை. தாக்கம் என்று சொன்னாலே முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று இரண்டையும் காட்ட வேண்டும், அந்த முன்னால் எங்கே இருக்கிறது உங்களிடம்? சமூக ஊடகம் என்றால் எது, ஆங்கிலம் என்றால் யாருடைய ஆங்கிலம், யார் எழுதியது, எந்த ஊரில், எத்தனை வயதில்? இத்தனைக்கும் பதில் சொல்லாமல் எழுதினால் நூலகத்தில் இருக்கிற நாலு புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்து அடுக்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்படி எழுதிய ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் வைவாவில் “இதில் நீ கண்டுபிடித்தது என்னம்மா?” என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் தலைப்பு இருந்ததே தவிர கேள்வி என்று ஒன்று இல்லவே இல்லை.

கேள்வி உங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, திருத்தித் திருத்தி எங்கே ‘தி’ போடுவது என்று குழம்புகிறது என்று, அந்த ஒரு வரியைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். பதினெட்டுப் பிள்ளைகள், ஒரே பள்ளிப் பின்னணி, ஒரே வயது, வாரம் முழுக்க உங்கள் கண் முன்னால் ஆங்கிலம் எழுதுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்பவர்கள் இப்படி ஒரு தரவுக்காக அனுமதிக் கடிதங்களோடு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை கதை எழுதுகிறது என்று வையுங்கள்: “ராமு வென்ட் டு ஷாப். ஹி பாட் ஒன் பன். டாக் கேம். தட் டாக் டுக் தி பன்.” இப்படி ஒரு நாலு வரியை நீங்கள் எத்தனையோ முறை திருத்தியிருப்பீர்கள். திருத்தும் கண்ணோடு பார்த்தால் இதில் நாலு தப்பு, சிவப்பு மையால் நாலு சுழி. ஆய்வுக் கண்ணோடு பாருங்கள். ‘ஒன் பன்’ என்று எழுதிய பிள்ளைக்கு, முதல் முறையாகச் சொல்லும் பொருளுக்கு முன்னால் ஏதோ ஒன்று வர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, நம்முடைய ‘ஒரு’வை வைத்திருக்கிறது. ‘டாக் கேம்’ என்ற இடத்தில் அதுகூட இல்லை. தமிழில் ‘ஒரு நாய் வந்தது’ என்றும் சொல்கிறோம், வெறுமனே ‘நாய் வந்தது’ என்றும் சொல்கிறோம். அடுத்து ‘தட் டாக்’, அதாவது முன்பே சொன்ன அந்த நாய். அப்படியானால் முதல் முறை சொல்வது, மறுமுறை சொல்வது என்ற வேறுபாடு பிள்ளையின் மனதில் தெளிவாகவே இருக்கிறது, அதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. சரி, கைக்கு வரவில்லை என்றால் கடைசியில் ‘தி பன்’ என்று எப்படிச் சரியாக எழுதியது? நாயும் இரண்டாம் முறை வருகிறது, பன்னும் இரண்டாம் முறை வருகிறது. ஒன்றுக்கு ‘தட்’, இன்னொன்றுக்கு ‘தி’. ஏன்?

எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, ஊகம் மட்டும்தான். தமிழில் நாய் வந்தது, நாய் எடுத்தது என்று எழுவாயாக வரும்போது தெரிந்த நாயாக இருந்தாலும் தெரியாத நாயாக இருந்தாலும் சொல்லின் வடிவம் மாறுவதில்லை. செயப்படுபொருளாக வரும்போது மாறுகிறது, அதுவும் அஃறிணைப் பொருளாக இருந்தால் நன்றாகத் தெரிகிறது: ‘பன் வாங்கினான்’ என்றால் ஏதோ ஒரு பன், ‘பன்னை எடுத்தது’ என்றால் நமக்கு முன்பே தெரிந்த அந்தப் பன். தெரிந்த பொருள் என்பதை அந்த ‘ஐ’ வேற்றுமை உருபு அங்கே காட்டிவிடுகிறது. அப்படியென்றால் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, செயப்படுபொருள் இடத்தில் தெரிந்தது தெரியாதது என்ற வேறுபாட்டைச் சொல்லில் குறித்துப் பழகியிருக்கிறது, எழுவாய் இடத்தில் பழகவில்லை. ஆங்கிலம் எழுதும்போதும் செயப்படுபொருள் இடத்தில் ‘தி’ அதிகமாக விழுமா, எழுவாய் இடத்தில் அதிகமாக விட்டுப்போகுமா?

இதுதான் கேள்வி. ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடலாம், எண்ணிப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லலாம், இல்லை என்று வந்தாலும் ஆய்வேடு நிற்கும். இங்கே உங்கள் தமிழ்தான் உங்களுக்குக் கருவி. இந்த ‘ஐ’ எங்கே வரும், எங்கே வராது என்று புத்தகம் பார்க்காமல் உங்களால் சொல்ல முடியும், லண்டனில் இருக்கிற ஒரு பேராசிரியர் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘தி’ உங்களைக் குழப்புகிறது என்பதற்காகக் கூச்சப்படவும் வேண்டாம். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் சொல் அதுதான். 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற மொழித் தொகுப்பில் 60 லட்சம் முறைக்கு மேல் வருகிறது. ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் இல்லாத மொழியிலிருந்து வருகிறவர்கள் பலருக்கும் அது எளிதில் பிடிகொடுக்காத விஷயம். டானியா அயோனினும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004-இல் ரஷ்ய மொழி பேசுபவர்களையும் கொரிய மொழி பேசுபவர்களையும் வைத்து இதைப் பார்த்தார்கள். பேசுபவர் மனதில் குறிப்பிட்ட ஒரு பொருள் இருந்தால், கேட்பவருக்கு அது என்னவென்று தெரியாத இடத்திலும் இவர்கள் ‘தி’ போட்டுவிடுகிறார்கள் என்று கண்டார்கள். அதாவது தப்பு எங்கும் சிதறிக் கிடக்கவில்லை, அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பிழைக்குள் ஒழுங்கு இருக்கிறது என்ற இந்த எண்ணத்தை 1967-இல் பிட் கார்டர் ஒரு கட்டுரையில் அழுத்தமாகச் சொன்னார், 1972-இல் லாரி செலிங்கர், கற்பவர் தனக்கென்று உருவாக்கிக்கொள்ளும் அந்த ஒழுங்குள்ள மொழிக்கு இடைமொழி என்ற பெயரைக் கொடுத்தார். உங்கள் பாடத்தில் இந்த இரண்டு பெயர்களும் நிச்சயம் வந்திருக்கும், அப்போது பரீட்சைக்காகப் படித்திருப்பீர்கள், இப்போது உங்கள் பிள்ளைகளின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதினெட்டு பேர் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாம் ஹ்யூப்னர் என்பவர் ஹவாயில் மோங் மொழி பேசும் ஒரே ஒரு ஆள் ஆங்கிலம் கற்றுக்கொள்வதைத் தொடர்ந்து கவனித்துத்தான் 1983-இல் தன் ஆய்வை வெளியிட்டார். ஆர்ட்டிகிள் ஆராய்ச்சியில் இன்றும் அதைச் சொல்லாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. பேசுபவர் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சொல்கிறாரா, கேட்பவருக்கு அது தெரியுமா என்று இரண்டு கேள்விகளை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் முறையை டெரெக் பிக்கர்ட்டனிடமிருந்து எடுத்து அவர் கற்பவரின் மொழிக்குப் பயன்படுத்தினார். உங்களுக்கும் அந்த முறைதான் வேண்டும். ஆள் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எவ்வளவு கவனமாகப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் இந்த ஆய்வு நிற்கும் அல்லது விழும்.

இனி தரவு சேகரிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே ஒன்று தப்பினால் பின்னால் சரிசெய்ய முடியாது.

கட்டுரைத் தலைப்பு கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் நோட்ஸில் மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதிவிடுவார்கள், அதில் ‘தி’ எல்லாம் சரியாக இருக்கும், அது பிள்ளையின் ஆங்கிலமாக இருக்காது. எழுத்தே இல்லாத ஆறு படங்களை வரிசையாகக் கொடுத்துக் கதை எழுதச் சொல்லுங்கள். படத்தை நீங்களே வரையலாம், அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யோசித்து வரைய வேண்டும்: பன், பந்து, குடை மாதிரி உயிரில்லாத பொருட்கள் இரண்டு மூன்று படங்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும், சில இடங்களில் அவற்றுக்கு ஏதாவது செய்யப்பட வேண்டும், சில இடங்களில் அவையே உருண்டோ விழுந்தோ எழுவாயாக வர வேண்டும். ஆட்கள் செயப்படுபொருளாக வருவதைக் குறையுங்கள், ஏனென்றால் உயர்திணைக்கு நாம் எப்படியும் ‘ஐ’ போட்டுவிடுவோம் (‘ஒரு பையனைப் பார்த்தேன்’), அங்கே நம் ஊகத்தைச் சோதிக்க முடியாது. நாய், பூனை இடையில் நிற்கிற கேஸ், அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே படம், ஒரே நேரம், அரை மணி போதும், டிக்‌ஷனரியும் செல்போனும் பையிலேயே இருக்கட்டும். சொல் தெரியாமல் கேட்டால் அந்தப் பெயர்ச்சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள், ‘தி’ இல்லாமல். முன்னால் போட்டு எழுதினீர்கள் என்றால் பதினெட்டு பேரும் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஒரு வாரம் பத்து நாள் விட்டு இன்னொரு படக்கதை. ஆளுக்கு இரண்டு என்றால் முப்பத்தாறு தாள், ஒவ்வொன்றும் எழுபது எண்பது சொல் வந்தாலும் எண்ணுவதற்கு நிறையவே இருக்கும். தாளை வாங்கியதும் முதல் வேலை, திருத்துவதற்கு முன்னால், போட்டோ எடுத்து வைப்பது. சிவப்புப் பேனா பட்ட தாளில் பிள்ளை எழுதியது எது, நீங்கள் எழுதியது எது என்று இரண்டு மாதம் கழித்துத் தெரியாது. அப்புறம் பிள்ளையின் எழுத்துப்பிழையோடு அப்படியே டைப் செய்யுங்கள், கை பழக்கத்தில் திருத்திவிடாமல், வேர்டில் ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவிட்டு.

இவர்கள் சின்னப் பிள்ளைகள், அதோடு நீங்கள் அவர்களின் டீச்சர். மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அதனால் பெற்றோரிடம் தமிழில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், எதற்காக, யார் பார்ப்பார்கள், பெயர் வராது, வேண்டாம் என்றால் டியூஷனில் எந்த வித்தியாசமும் இருக்காது என்று தெளிவாக எழுதி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அம்மா இருந்தால் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிட வேண்டும், பதினேழோடு ஆய்வு நடக்கும். ஆய்வேட்டில் மா1, மா2 என்ற மாதிரிதான் போக வேண்டும், பள்ளியின் பெயரும் வரக்கூடாது. இந்தக் கடிதத்தின் மாதிரியைப் பின்னிணைப்பில் சேருங்கள். இதை நான் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் தப்பு அச்சில் ஏறி நாளைக்கு அதன் கண்ணில் படும்போது அதற்கு அவமானமாக இருக்கக்கூடாது.

பொங்கல் லீவு முடிந்ததும் முதல் கதையை எழுத வாங்கிவிடுங்கள். பிப்ரவரி தாண்டினால் அவர்களுக்கு முழு ஆண்டுத் தேர்வு ஞாபகம் வந்துவிடும், உங்களுக்கும்தான்.

பிறகு எக்செல். ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒரு வரி. எந்தப் பிள்ளை, எந்தக் கதை, அந்த வாக்கியம், சொல் எழுவாயா செயப்படுபொருளா அல்லது ‘டு ஷாப்’ மாதிரி முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வருவதா, உயிருள்ளதா இல்லையா, முதல் முறையா மறுமுறையா, அங்கே ஆங்கிலத்தில் என்ன வர வேண்டும், பிள்ளை என்ன எழுதியது. இவ்வளவுதான் பத்திகள். ராமு போன்ற பெயர்களையும் ‘ஹி’, ‘இட்’ போன்ற சொற்களையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். ‘என்ன வர வேண்டும்’ என்ற பத்தியில்தான் தலைவலி வரும். ‘டு ஷாப்’ என்று முதல் வரியிலேயே வருகிறதே, அங்கே ‘ஏ’யா ‘தி’யா? முதல் முறை சொல்வதுதான், ஆனாலும் ஆங்கிலத்தில் கடைக்குப் போனான் என்பதற்கு ‘தி ஷாப்’ என்பதுதான் சகஜம். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு முடிவு எடுத்து, காரணத்தோடு தனி நோட்டில் எழுதி, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். அந்த நோட்டு பிற்பாடு உங்கள் ஆய்வுமுறை அத்தியாயத்தில் பாதியாக ஆகிவிடும். ஒரு தோழியிடம் நாலு தாள் கொடுத்து அவரையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே இருவரும் வேறுபடுகிறீர்களோ அங்கே உங்கள் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

தப்பை மட்டும் எண்ணாதீர்கள். எங்கெல்லாம் ‘தி’ வர வேண்டுமோ அத்தனை இடத்தையும் எண்ணி, அதில் எத்தனை இடத்தில் சரியாக வந்தது என்று பாருங்கள். தப்பை மட்டும் எண்ணுவதில் இருக்கிற ஆபத்தை 1974-இல் ஜாக்குலின் ஷாக்டர் காட்டினார். ஆங்கிலத்தில் ஒருவகைத் துணை வாக்கியங்களை எழுதுவதில் சீன, ஜப்பானிய மாணவர்கள் பாரசீக, அரபு மாணவர்களை விடக் குறைவாகத் தப்பு செய்தார்கள். அவர்களுக்கு அது நன்றாக வருகிறது என்று முடிவு கட்டியிருப்போம். உண்மையில் அவர்கள் அந்த வாக்கியங்களை எழுதுவதையே தவிர்த்திருந்தார்கள். உங்கள் டியூஷனிலும் எதற்கு வம்பு என்று ‘ஹி’, ‘இட்’ என்றே போட்டுக் கதையை முடிக்கிற கெட்டிக்காரப் பிள்ளை நிச்சயம் ஒன்று இருக்கும், அதையும் கவனியுங்கள். எண்களை மொத்தமாக மட்டும் கொடுக்காமல் பிள்ளைவாரியாகவும் ஒரு அட்டவணை போடுங்கள், இரண்டு பக்கம் எழுதிய ஒரே பிள்ளை மொத்த முடிவையும் தன் பக்கம் இழுத்துவிடக்கூடாது. பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம், எம்.ஏ.வுக்குச் சதவீதமும் நல்ல அட்டவணையும் போதும்.

முடிவு எழுதும்போது ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். செயப்படுபொருள் இடத்தில் ‘தி’ அதிகமாக விழுந்தது என்று உங்கள் தரவு காட்டினால், ‘விழுந்தது’ என்று எழுதலாம், தமிழின் வேற்றுமை உருபோடு இது பொருந்திப் போகிறது என்றும் எழுதலாம். தமிழால்தான் இப்படி நடக்கிறது என்று எழுத முடியாது. தாய்மொழி எதுவாக இருந்தாலும் கற்பவர்கள் இந்தப் படியைத் தாண்டித்தான் வருவார்களோ என்னவோ, அதைத் தெரிந்துகொள்ள வேறு தாய்மொழிப் பிள்ளைகளின் தரவு வேண்டும், அது உங்களிடம் இல்லை. இந்த எல்லையை நீங்களே எழுதிவிட்டால் வைவாவில் உங்களை யாரும் மடக்க முடியாது.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். மொழியியல் படித்தவர் துறையில் இல்லை என்பது கஷ்டம்தான், ஆனால் தலைப்பு பெரிசாக இருக்கிறது என்று பார்த்த உடனே சொன்ன மேடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார், அது சாதாரண விஷயமில்லை. வாதம் கோர்வையாகப் போகிறதா, சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க இலக்கியம் படித்தவருக்கும் தெரியும். வெறுங்கையோடு போய் “என்ன மேடம் செய்யட்டும்” என்று நிற்காமல் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்: கேள்வி, யாரிடமிருந்து தரவு, எப்படிப் பிரிக்கப் போகிறேன், எப்போது முடிப்பேன். கூடவே ஒரு பிள்ளையின் தாளையும் காட்டுங்கள், பெயரை மறைத்து. மேற்கோள் முறை எம்.எல்.ஏ.வா ஏ.பி.ஏ.வா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மொழி ஆய்வுகளில் பெரும்பாலும் ஏ.பி.ஏ., 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு. ஆனால் இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ.தான் வழக்கம், துறை சொல்வதைப் பின்பற்றுங்கள், இதில் சண்டை வேண்டாம்.

பிள்ளைகளின் கதையை எண்ணுவதெல்லாம் ஆராய்ச்சியா என்று துறையில் யாராவது கேட்டால், வில்லியம் லபோவைச் சொல்லுங்கள். சமூக மொழியியலைத் திசை திருப்பிய அவருடைய மார்த்தாஸ் வின்யார்ட் ஆய்வு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைக்காகச் செய்ததுதான், 1963-இல் கட்டுரையாக வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு சின்னத் தீவு, ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வரும் இரண்டே இரண்டு உயிரொலிகள், அவற்றை யார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று பார்த்தார். கோடையில் வந்து போகும் வெளியூர்க்காரர்களிடமிருந்து தங்களைத் தனித்துக் காட்டிக்கொள்ள விரும்பிய தீவுக்காரர்கள், அதிலும் மீனவர்கள், பழைய உச்சரிப்பை அழுத்திப் பிடித்திருந்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. எம்.ஏ. மாணவர் ஒருவர் செய்த வேலை அது.

படிப்பதற்கு: கூகுள் ஸ்காலரில் அயோனின் 2004 கட்டுரையைப் பிடித்து, அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற சுட்டியை அழுத்துங்கள், அங்கிருந்து வழி தானாகப் போகும். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் மாணவர்களின் ஆங்கிலப் பிழைகள் பற்றித் தேடிப் பாருங்கள், அவர்கள் எப்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று கவனிக்கவாவது உதவும். பதினைந்து இருபது கட்டுரையை ஒழுங்காகப் படித்தால் போதும், படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள்.

உங்கள் ஆங்கிலம் சுத்தமில்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இருக்கிற தெளிவு போதும், அதே தெளிவோடு சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள், இந்தத் துறையில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அறிமுகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், “ஆங்கிலம் ஒரு உலக மொழி” என்று தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். முதலில் ஆய்வுமுறை அத்தியாயத்தை எழுதுங்கள், என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று. செய்ததைச் சொல்ல யாருக்கும் ஆங்கிலம் வராமல் போகாது. அடுத்து அட்டவணைகளும் அவற்றின் விளக்கமும், அறிமுகம் கடைசியில். முடிந்ததும் உங்கள் ‘தி’க்களை ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த நல்ல பேராசிரியர்கள் பலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

காசு கொடுத்து எழுதி வாங்குவது வேண்டவே வேண்டாம். கருத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதிகளைப் பாருங்கள்: பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எழுதிக் கொடுக்கிறவர் அதே ஏட்டை இன்னும் நாலு பேருக்கு விற்றிருந்தால் மாட்டுவது நீங்கள்தான், அவர் இல்லை. ஏ.ஐ. பற்றி உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று மேடத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். புரியாத ஒரு கருத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு, பத்திகளை எழுதி வாங்குவது வேறு. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் போட்டு அது கொடுத்துவிடும், அதனால் நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. உங்கள் பதினெட்டு பேர் எழுதியதை எந்தக் கடைக்காரரும் எந்த மெஷினும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கிற இடத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், அதை விட்டுவிட்டு விலைக்கு வாங்கப் போவதா?

வேலைக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் மொழிக்கு ஒரு அலகும் இந்தியாவில் ஆங்கிலத்துக்கு ஒரு அலகும் தனியாக இருக்கின்றன, இந்த வேலை அங்கே நேரடியாக உதவும். பி.எட். போனாலும் பிள்ளைகளின் பிழையைப் படிக்கத் தெரிந்த டீச்சராகப் போவீர்கள்.

தலைப்புக்கு இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்: தமிழ்வழி எட்டாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலப் படக்கதைகளில் ‘தி’ — எழுவாய் இடமும் செயப்படுபொருள் இடமும். மேடத்தைப் பார்த்து ஒப்புதல் வாங்கி, முதல் கதைகளிலிருந்து ஒரு நூறு வரி எக்செல்லில் ஏறியதும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பெயர்கள் இல்லாமல். வகை பிரித்ததில் குழப்பம் இருந்தால் நூறு வரியில் சரிசெய்வது ஒரு மாலை வேலை, எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகு என்றால் மறுபடி முதலிலிருந்து.